லாராவுக்கு அப்புறம் என்ன?

கேள்வி: 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரேரி' அமெரிக்கத் தொடரில் சிறுமி லாராவாக வந்த மெலிசா கில்பர்ட், அதற்கப்புறம் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லையே? ஒரே வேடத்தோடு முடிந்துபோனவர்தானே?

பதில்: அந்த 'ஒரே வேடம்' எவ்வளவு நீளம் தெரியுமா? 1974-ல் என்பிசி தொலைக்காட்சியில் தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு 10 வயது. 1983-ல் வாராந்தரத் தொடர் நின்றபோது 18. பள்ளிக்கூடத்துக்கு ஓடும் பிள்ளை, டீச்சர், மனைவி, தாய் என்று எல்லாமே லாராதான். 16 வயதில் திரையில் கல்யாணம். ஜோடியாக நடித்த டீன் பட்லர் 8 வயது மூத்தவர். எங்கே நடிப்பு, எங்கே வளர்ந்தது என்று பிரித்துக் கேட்டால் அவரே திணறுவார்.

தொடர் ஓடும்போதே, 1979-ல், 'தி மிராக்கிள் வொர்க்கர்' தொலைக்காட்சிப் படத்தில் ஹெலன் கெல்லராக நடித்தார். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத பெண். வசனத்தை நம்பிப் பிழைக்க முடியாத வேடம். டீச்சராக நடித்த பாட்டி டியூக், 1962-ல் அதே கதையில் ஹெலனாக வந்து ஆஸ்கர் வாங்கியவர். அவருக்கு எதிரே நின்று டிவிக்கான எம்மி விருதின் பரிந்துரை வரை போனது சின்ன விஷயமில்லை. அடுத்த வருடம், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃப்ராங்க் வேடம்.

பெரிய திரையில் பெயர் எடுக்கவில்லை, சரி. பிறகு நடித்தவற்றில் பெரும்பகுதி டிவிக்கென்றே எடுத்த படங்கள். ஒரு ராத்திரி ஒளிபரப்பாகி மறைந்துபோகிறவை உங்கள் கண்ணில் படாததற்கு அவர் என்ன செய்வார்?

2001-ல் அமெரிக்கத் திரைநடிகர் சங்கத் தலைவர் தேர்தலில் நடிகை வேலரி ஹார்ப்பரை வென்றார். வாக்குப்பதிவில் குளறுபடி என்று மறுதேர்தல் வைத்தார்கள், மறுபடியும் வென்றார். 2005 வரை பதவியில் இருந்தார். தொலைக்காட்சி, வானொலிக் கலைஞர்களின் சங்கத்தோடு இணைய 2003-ல் முயன்றபோது, தேவைப்பட்ட 60 சதவீத ஆதரவு கொஞ்சத்தில் தவறியது. 2012-ல் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகனும் ஒரு காலத்தில் அந்தச் சங்கத்தின் தலைவர்தான். அவர் கதை சொல்கிறவர்கள் அதை விட்டுவிடுவதில்லை. கில்பர்ட் அதே நாற்காலியில் நாலு வருடம் உட்கார்ந்தது மட்டும் 'ஒன்றும் செய்யவில்லை' கணக்கில் போகிறதாக்கும்!