ஆர்டர் பாதியாகிவிட்டது, ஆட்களிடம் சொல்லலாமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன், 22 பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பகுதி வேலை தந்த கம்பெனி ஆர்டரைப் பாதியாக்கிவிட்டது, மூன்று மாத பில்லும் பாக்கி. ஆட்களுக்குத் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியாது, அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். மெஷின் சும்மா நிற்பதை முதலில் பார்ப்பவர் ஆப்பரேட்டர்தானே. நீங்கள் பேசாத ஒவ்வொரு நாளும் டீக்கடையில் "மூடப் போறாங்களாம்" என்று கதை வளரும், அதைக் கேட்டு முதலில் கிளம்புவது உங்கள் நல்ல ஆட்கள்தான், ஏனென்றால் பீன்யாவில் நல்ல செட்டருக்கு (மெஷினை வேலைக்கேற்ப அமைத்துத் தருபவர்) அடுத்த தெருவிலேயே வேலை கிடைக்கும்.

ஆனால் பேசுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். லாப நஷ்டம் அப்புறம். வரும் 13 வாரத்துக்கு, வாராவாரம் கையில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று மட்டும் எழுதுங்கள், பாக்கியை வந்ததாக எழுதாதீர்கள். 15-ம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20-ம் தேதி ஜிஎஸ்டி, பில் பணம் வராவிட்டாலும் அதற்கான வரியைக் கட்டியாக வேண்டும், பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

பாக்கிக்கு வருவோம். உத்யம் (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) உள்ள சிறு நிறுவனத்துக்கு, 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் செய்யலாம்தான், ஆனால் எடுத்த எடுப்பில் வேண்டாம், இருக்கிற பாதி ஆர்டரும் போய்விடலாம். அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நேரில் போங்கள். கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31-க்குள் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் அவர்கள் கழிக்க முடியாது என்பது அவர்களுக்கே தெரியும், பணிவாக நினைவுபடுத்தினால் போதும்.

வங்கிக்கும் தவணை தவறும் முன்பே போய்விடுங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அதன்பின் மேனேஜர் நல்லவராக இருந்தும் பயனில்லை.

சரி, ஆட்களிடம் என்ன சொல்வது? எல்லாரையும் ஷாப் ஃப்ளோரிலேயே கூட்டி, ஆர்டர் எவ்வளவு குறைந்தது, எந்த மாதம் வரை முழுச் சம்பளம் உறுதி, எது இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லுங்கள். யாரையும் அனுப்ப மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாமல் போனால் மிச்சமிருப்பவர்களும் நம்ப மாட்டார்கள். குறைப்பதென்றால் உங்கள் சம்பளம் முதலில், ஓவர்டைம் அடுத்து. சும்மா நிற்கும் மெஷினுக்கு ஓசூர்ப் பக்கம் சாம்பிள் வேலை தேடுங்கள், உங்கள் சீனியர் செட்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.