சாட்சி என்று அழைத்தால் சாட்சிதானா?

கேள்வி: தெலங்கானாவில் உள்ள ஒரு சைபர் கிரைம் ஸ்டேஷனிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் வந்திருக்கிறது. ஆன்லைன் சூதாட்ட வழக்கு ஒன்றில் சாட்சியாக ஏழு நாளுக்குள் நேரில் வர வேண்டுமாம். போன வருடம் ஒரு கிரிக்கெட் பெட்டிங் ஆப்பில் ஐந்தாறு முறை பணம் கட்டியது உண்மை. ஆப்பை அப்போதே நீக்கிவிட்டேன். போகாவிட்டால் கைது செய்வார்களா? - வாசகர், ஈரோடு

பதில்: கடிதத்தில் முதலில் தேட வேண்டியது பிரிவு எண்ணைத்தான். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 179 (பழைய சி.ஆர்.பி.சி. 160) என்றிருந்தால் விவரம் தெரிந்தவர் என்ற முறையில் உங்களை அழைக்கிறார்கள். 94 என்றால் ஆவணம் கேட்கிறார்கள். நேரில் போகாமல் அனுப்பிவைத்தாலும் போதும். 35(3) என்றிருந்தால், மேலே ‘சாட்சி’ என்று எழுதியிருந்தாலும் உங்கள் மீதே சந்தேகம் இருக்கிறது என்று பொருள். அப்போது வக்கீலைப் பார்க்காமல் ஒரு வரிகூடப் பதில் எழுத வேண்டாம். அதற்காகக் கெடு தேதியைத் தாண்டவும் விடாதீர்கள். சொன்னபடி ஆஜராகிறவரை, தனியாகக் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்யக்கூடாது என்கிறது அதே பிரிவு. போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

179 என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பிரிவில் ஓர் அதிகாரி தன் ஸ்டேஷன் எல்லையிலோ அதை ஒட்டிய ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் நேரில் வரச்சொல்ல முடியும். ஈரோடு அந்த எல்லைக்குள் வராது. அதை நம்பிக் கடிதத்தை மூலையில் போட்டுவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. பதிலே வராவிட்டால், ஆள் தலைமறைவு என்று கோப்பில் எழுதப்படலாம். அடுத்த நோட்டீஸ் 35(3)-ல் வரவும் வாய்ப்பு உண்டு. அதனால் எழுத்தில் பதில் போடுங்கள். கடிதத்தில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, அந்த மாநிலக் காவல்துறையின் இணையதளத்தில் உள்ள ஸ்டேஷன் எண்ணைக் கூப்பிட்டு, குற்ற எண்ணும் அதிகாரி பெயரும் சரிதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இப்படி எழுதினால் போதும்:

‘குற்ற எண் ___ தொடர்பாகத் தாங்கள் ___ தேதியிட்டு அனுப்பிய நோட்டீஸ் ___ அன்று கிடைத்தது. விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன். நான் தங்கள் எல்லைக்கு வெளியே வசிப்பதால், என் வாக்குமூலத்தை உள்ளூர்க் காவல் நிலையம் மூலமாகவோ வீடியோ அழைப்பிலோ பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டிருக்கும் வங்கிக் கணக்கு விவரம் இணைப்பில் உள்ளது.’

அவ்வளவுதான். ‘நான் நிரபராதி’, ‘நண்பன்தான் சொல்லிக்கொடுத்தான்’ என்றெல்லாம் இதில் கதை எழுதாதீர்கள். ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று, ஸ்டேஷனின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு ஒன்று. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வங்கி விவரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வழக்குகளில் உங்கள் பெயர் மாட்டுவது பணம் போன தடத்தால்தான். பெட்டிங் ஆப்பில் பணம் கட்டும்போது ஒவ்வொரு முறையும் வேறு யு.பி.ஐ. ஐடி வரும்: ஒரு நாள் மளிகைக் கடை பெயர், மறுநாள் யாரோ தனிநபர் பெயர். எல்லாம் வாடகைக்கு எடுத்த கணக்குகள். அதில் ஒன்று எங்கோ ஒரு மோசடிப் புகாரில் சிக்கியதும், அதற்குப் பணம் அனுப்பியவர்கள், அதிலிருந்து பணம் வாங்கியவர்கள் எல்லோரையும் வரிசையாக அழைப்பார்கள். ஆகவே கிளையில் முத்திரையுடன் ஸ்டேட்மென்ட் வாங்கி, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தேதி, 12 இலக்க யு.டி.ஆர். எண் (பரிமாற்ற அடையாள எண்), தொகை, எதிர்த்தரப்பு ஐடி, போனதா வந்ததா என்று ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். ‘வந்தது’ என்ற பத்தியில் ஏதாவது இருந்தால் அதற்குத்தான் முதல் கேள்வி வரும். ஜெயித்த பணம் என்று நீங்கள் நினைத்தது, மோசடியில் ஏமாந்த ஒருவரின் பணமாக இருக்கலாம்.

ஆப்பை நீக்கியது கடிதம் வருவதற்கு முன்பு என்பதால் பதற வேண்டாம். இனிமேல் எஸ்.எம்.எஸ்., டெலிகிராம் உரையாடல், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். போனை ஃபார்மேட் செய்யாதீர்கள். சாட்சியத்தை மறைக்க மின்னணுப் பதிவை அழிப்பது, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ன் 241-ன்படி தனிக் குற்றம். போனைக் கேட்டால், ஐ.எம்.இ.ஐ. எண் (போனின் அடையாள எண்) எழுதிய பறிமுதல் பட்டியலின் நகல் வாங்காமல் கொடுக்கக்கூடாது.

விசாரணையில் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் உங்களையே குற்றவாளி ஆக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க பி.என்.எஸ்.எஸ். பிரிவு 180 இடம் தருகிறது. பொய் சொல்ல இடம் தரவில்லை. இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்பவர் ஆகியோரைத்தான் தண்டிக்கிறது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமோ ஆடியவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. சிறையும் அபராதமும் சேர்ந்தும் வரலாம். எந்தக் கேள்விக்கு எதுவரை பதில் என்பதை முன்கூட்டியே வக்கீலிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போடக்கூடாது என்பதே பிரிவு 181. வெற்றுத்தாளில் கேட்டால் மறுத்துவிடுங்கள். மாஜிஸ்திரேட் முன்பு கொடுப்பது வேறு. அதில் கையெழுத்து உண்டு.

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. அவர் பெயரில் உள்ள கணக்கைத் தம்பி பயன்படுத்தி வந்தான். இப்போது அம்மாவை உள்ளூர் ஸ்டேஷனுக்குச் சாட்சியாக வரச்சொல்லிக் கடிதம். போயே ஆக வேண்டுமா? - வாசகி, மதுரை

பதில்: வேண்டியதில்லை. 179-ன்படி பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். ‘வீட்டு முகவரியில் விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று அம்மா கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். அவர் விரும்பினால் ஸ்டேஷனுக்கே போகலாம்.

தம்பியைக் காப்பாற்ற, ‘எல்லாம் நான்தான் செய்தேன்’ என்று அம்மாவைச் சொல்லவைப்பது நம் வீடுகளில் வழக்கம். செய்யாதீர்கள். எந்த சிம்மில், எந்தப் போனில் அந்தக் கணக்கு இயங்கியது என்பது ஏற்கெனவே அவர்கள் கோப்பில் இருக்கும். தம்பி ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் கமிஷனுக்காக யாருக்காவது கொடுத்திருந்தால் அது சூதாடியதைவிடப் பெரிய விவகாரம். வாய் திறப்பதற்கு முன்பே அவன் வக்கீலிடம் போக வேண்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் சாட்சி சம்மன் வந்தது. 15,000 ரூபாய் கட்டினால் பெயரை நீக்கிவிடுவார்களாம். - வாசகர், தஞ்சாவூர்

பதில்: மோசடி. 179, 35 ஆகிய பிரிவுகளின் நோட்டீஸைச் சட்டம் சொன்ன முறையில்தான் தர வேண்டும், வாட்ஸ்அப்பில் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வீடியோ காலில் சீருடையோடு வந்தாலும் துண்டித்துவிடுங்கள். பணம் கட்டியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் பதிவாக வேண்டும்.

கேள்வி: கடிதம் வருவதற்கு முன்பே வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. ‘சைபர் கிரைம் ஹோல்டு’ என்பதற்கு மேல் கிளையில் எதுவும் சொல்வதில்லை. - வாசகர், திருப்பூர்

பதில்: வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள்: புகார் ஒப்புகை எண், எந்த ஸ்டேஷன், எந்தப் பரிமாற்றம், எவ்வளவு தொகை. கிடைத்ததும், ‘சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவியுங்கள்’ என்று விசாரணை அதிகாரிக்கு எழுதி, சம்பளமோ வியாபாரமோ அந்தக் கணக்கில் வருவதற்கான ஆதாரத்தை இணையுங்கள். அதிகாரி அசையாவிட்டால், அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 503-ன்கீழ் மனு போடலாம். வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் கையில் சாவி கிடையாது.