இயற்கை ஒயின்: விழுங்கிய பிறகு அரை நிமிடம் பொறுங்கள்

கேள்வி: பாரிஸில் எங்கள் தெருவிலுள்ள ஒயின் கடையில் ஓர் அலமாரி முழுக்க 'இயற்கை ஒயின்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றதைவிட விலை கூடுதல். சொல்வது உண்மைதானா என்று வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: ஓரளவுக்கு உண்டு. பிரான்சில் 2020 முதல் 'வேன் மெத்தோட் நத்யூர்' என்று ஒரு முத்திரை இருக்கிறது. அதற்கான நிபந்தனைகள் கறாரானவை. திராட்சை இயற்கை வேளாண்மைச் சான்று பெற்றிருக்க வேண்டும். கையால் அறுவடை செய்திருக்க வேண்டும். தோலிலும் பாதாளக் கிடங்கிலும் தானாக இருக்கும் ஈஸ்ட்டால் மட்டுமே நொதித்திருக்க வேண்டும். நுண்வடிகட்டல், சட்டென்று சூடாக்கும் பாஸ்டர் முறை போன்ற முரட்டு வேலைகள் கூடாது. முத்திரையில் இரண்டு வகை: ஒன்று சல்ஃபைட் (ஒயின் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம்) அறவே சேர்க்காதது, மற்றது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருப்பது. எந்த வகை என்று முத்திரையிலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஆனால் பல நல்ல தயாரிப்பாளர்கள் இந்த முத்திரையை வாங்குவதே இல்லை. அது இல்லாவிட்டால் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வட்டாரப் பெயர் இல்லாமல் 'வேன் தெ ஃப்ரான்ஸ்' (பிரான்ஸ் ஒயின்) என்று மட்டும் போட்டிருந்தாலும் மட்டமான சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். கலங்கலாக இருக்கிறது, வழக்கமான சுவை இல்லை என்று வட்டார முத்திரை மறுக்கப்பட்டவர்களும், அது வேண்டாம் என்று தாங்களே விலகியவர்களும் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள்.

அடுத்து பின்பக்க லேபிள். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் தயாரான ஒயினுக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயம். பெரும்பாலும் கியூஆர் கோடுக்குள் இருக்கும், கடையிலேயே கைபேசியில் திறந்து பாருங்கள். 'திராட்சை' அல்லது 'திராட்சை, சல்ஃபைட்' என்று முடிந்தால் நல்ல அறிகுறி. டார்டாரிக் அமிலம், கருவேலம் பிசின் வகை, செல்லுலோஸ் பிசின் என்று நீண்டால் அது வேறு ஒயின். ஓர் ஓட்டையும் இதில் உண்டு: பாக்கெட் ஈஸ்ட் சேர்த்திருந்தால் பட்டியலில் வராது, அது 'செய்முறை உதவிப் பொருள்' என்ற கணக்கில் போய்விடும். ஆகவே கடைக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: ஈஸ்ட் சேர்த்தாரா, வடிகட்டினாரா, மொத்த சல்ஃபைட் எத்தனை மில்லிகிராம்? மூன்றாவது கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லும் கடைக்காரர் தன் சரக்கை அறிந்தவர். அவரிடம் வாங்கலாம்.

கேள்வி: ஒயின் குடித்தால் தலைவலி வருகிறது. சல்ஃபைட்தான் காரணம், இயற்கை ஒயினுக்கு மாறு என்கிறார்கள். ஆனால் சல்ஃபைட் சேர்க்காதது என்று வாங்கிய பாட்டிலிலும் 'சல்ஃபைட் உள்ளது' என்று அச்சடித்திருக்கிறதே?

பதில்: அது ஏமாற்று அல்ல. நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்கிவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த வாசகம் கட்டாயம். அளவு புரிவதற்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் இனிப்பற்ற சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு உச்சவரம்பு 150 மி.கி., வெள்ளைக்கு 200. இயற்கை வேளாண்மைச் சான்று பெற்றதற்கு 100, 150. 'ஆர்கானிக்' என்ற சொல்லும் 'இயற்கை' என்ற சொல்லும் ஒன்றல்ல என்பது இதிலேயே தெரியும்.

தலைவலிக்கு சல்ஃபைட் காரணம் என்பதற்கு ஆதாரம் பலவீனம். அதே ஒன்றியத்தில் உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தில் கிலோவுக்கு 2,000 மி.கி. வரை அனுமதி. அதைத் தின்றால் தலை வலிக்கவில்லை என்றால் சல்ஃபைட்டைக் குறை சொல்ல முடியாது. ஒயினில் உள்ள ஆல்கஹாலே போதும் தலைவலிக்கு. ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு மட்டும் சல்ஃபைட் மூச்சுத்திணறலைத் தூண்டும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் 'இயற்கை' என்ற பெயரை நம்பிக் குடிக்கக் கூடாது.

கேள்வி: லியோனில் நண்பர்கள் ஆறு பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். இயற்கை ஒயினுக்கும் மற்றதற்கும் உண்மையில் வித்தியாசம் தெரிகிறதா என்று சோதித்துப் பார்க்க ஆசை. எப்படி ஏற்பாடு செய்வது?

பதில்: லியோனுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில்தான் போஜோலே என்ற ஒயின் வட்டாரம் இருக்கிறது. உங்களைவிட வசதியான இடம் யாருக்கும் வாய்க்காது. இரசாயனம் படித்த ஒயின் வணிகர் ழூல் ஷோவே சல்ஃபைட் இல்லாமல் ஒயின் செய்யும் வழிகளை அங்கேதான் ஆராய்ந்தார். அவரைப் பின்பற்றி ஒயின் தயாரிப்பாளர் மார்செல் லாபியேர் 1980-களில் அதே வட்டாரத்து மோர்கோனில் செய்து காட்டினார்.

பலரும் செய்யும் தவறு, ஒரு சூப்பர்மார்க்கெட் பாட்டிலையும் ஒரு இயற்கை ஒயினையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. திராட்சை வேறு, மண் வேறு, வருடம் வேறு என்றால் நீங்கள் ஒப்பிடுவது எதை என்றே தெரியாது. ஒரே ஊர், ஒரே வருடம், ஒரே திராட்சை என்று பிடியுங்கள். மோர்கோன் கிராமத்து காமே திராட்சையில் இரண்டு பாட்டில்கள் போதும். லாபியேர் குடும்பத்தின் மோர்கோன் சல்ஃபைட் சேர்க்காமலும், சிறிது சேர்த்தும் இரண்டு விதமாக வந்திருக்கிறது. இரண்டும் கிடைத்தால் அதைவிட நேர்மையான ஜோடி இல்லை, ஏனென்றால் மாறுவது அந்த ஒன்றே ஒன்றுதான்.

இரண்டு பாட்டிலையும் ஒரே நேரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து 13 அல்லது 14 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். ஒன்று 14, மற்றது 18 என்றிருந்தால் வெதுவெதுப்பானதில் ஆல்கஹால் தூக்கலாக அடிக்கும், நாக்கு அதைத்தான் வித்தியாசம் என்று நினைக்கும். கண்ணாடிக் குவளைகள் ஒரே வடிவில் 18 வேண்டும். வாடகைக்கோ பக்கத்து வீட்டிலோ வாங்குங்கள். வெந்நீரில் கழுவி, சோப்பு வாசனை இல்லை என்று முகர்ந்து பார்த்துவிட்டு வையுங்கள். அன்று கறி தாளிக்கும் வேலையும் ஊதுபத்தியும் வேண்டாம்.

இனி முக்கியமான பகுதி. ஒவ்வொருவருக்கும் மூன்று குவளை: இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றது. எது தனித்து நிற்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்று பேருக்கு முதல் ஒயின் இரண்டு குவளை, மற்ற மூவருக்கு இரண்டாவது ஒயின் இரண்டு குவளை. இடத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள். ஊற்றுபவர் சுவைக்காத ஏழாவது ஆளாக இருக்கட்டும். குவளைக்கு 40 மில்லி ஊற்றினால் ஒவ்வொரு பாட்டிலிலும் 360 மில்லிதான் செலவாகும், பாதிக்கு மேல் மிஞ்சும். அந்த மிச்சத்துக்கும் வேலை இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதனால் ஆறு பேரில் மூன்று பேரோ நான்கு பேரோ கண்டுபிடித்தால் அதில் பெரிய அர்த்தம் இல்லை. ஐந்து பேர் கண்டுபிடித்தால்தான் வித்தியாசம் நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாரும் தாளில் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. 'செர்ரி வாசம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேருக்கும் செர்ரிதான் மணக்கும். துப்புவதற்கு ஒரு பாத்திரமும் வையுங்கள். ஆனால் கடைசி மடக்கை மட்டும் விழுங்கி, அரை நிமிடம் பொறுத்துப் பிறகு எழுதுங்கள். காரணம் அடுத்த பதிலில் வருகிறது.

மிஞ்சியதைக் கார்க் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் திரும்பச் சுவையுங்கள். நன்றாகச் செய்த சல்ஃபைட் இல்லாத ஒயின் மறுநாளும் நிமிர்ந்து நிற்கும், சில சமயம் முதல் நாளைவிட மணக்கும். அவசரமாகவோ அழுக்காகவோ செய்தது ஒரே இரவில் கள்ளைப்போலப் புளித்துவிடும். எந்த நிபுணர் தரும் மதிப்பெண்ணையும்விட இந்த மறுநாள் சோதனையைத்தான் நம்பச் சொல்வேன்.

கேள்வி: லண்டனில் வாங்கிய வெள்ளை இயற்கை ஒயின். முகர்ந்தபோது பழ வாசனை, வாயில் வைத்தபோதும் நன்று. விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் எலிக்கூட்டு நாற்றம் வாய் முழுக்க. என் கணவர் 'ஒன்றுமில்லையே' என்கிறார். எனக்குத்தான் நாக்குப் பிழையா?

பதில்: உங்கள் நாக்கு சரியாகவே இருக்கிறது. இந்தக் குறைக்குத் துறையில் உள்ள பெயரே 'எலி வாடை'. சல்ஃபைட் இல்லாத ஒயினில் லாக்டிக் பாக்டீரியாவும் பிரெட் என்ற காட்டு ஈஸ்ட்டும் உண்டாக்கும் சில சேர்மங்கள் இதற்குக் காரணம். ஒயினின் புளிப்பில் அவை ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும், அதனால் மூக்குக்குத் தெரியாது. விழுங்கிய பின் எச்சில் புளிப்பைத் தணிக்கும்போதுதான் கிளம்பி வரும், பத்து இருபது வினாடி ஆகும். எச்சிலின் தன்மை ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் கணவர் அந்தக் கூட்டமாக இருக்கலாம்.

இந்தச் சேர்மங்களில் ஒன்றை நம் சமையலறையில் ஆசையாக முகர்கிறோம். பாஸ்மதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் மணம் தருவது அதுவேதான். சோற்றில் மணம், ஒயினில் நாற்றம்.

வீட்டில் உறுதி செய்ய எளிய வழி: இரண்டு மேசைக்கரண்டி ஒயினில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். நுரைத்து அடங்கும். சிவப்பு ஒயின் என்றால் நிறம் நீலச் சாம்பலாக மாறும், பயப்பட வேண்டாம். இப்போது முகர்ந்தால் ஒளிந்திருந்த வாடை மூக்குக்கே எட்டும். முகர்ந்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். வேறு பாத்திரத்தில் ஊற்றிக் காற்றாட விட்டால் எலி வாடை போகாது, கூடும். மீதியைக் கார்க் அடைத்து அன்றே கடைக்கு எடுத்துப் போங்கள். 'இயற்கை ஒயின் அப்படித்தான் இருக்கும்' என்று பதில் வந்தால் ஏற்க வேண்டாம். இது குறை, சுவை அல்ல. அதே சரக்கில் திறக்காத பாட்டில் கைவசம் இருந்தால் மட்டும் குளிர்ந்த இடத்தில் சில மாதம் விட்டுப் பாருங்கள், சில நேரம் தானே அடங்கும்.

மற்ற வாடைகளில் பொறுக்கக் கூடியது எது, கூடாதது எது? அழுகிய முட்டை, தீக்குச்சி உரசிய வாசம் என்றால் காற்றுப் போதவில்லை. வாயகன்ற கூஜாவில் ஊற்றிச் சுழற்றி அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். லேசான வினிகர் சாயல் சிலருக்குப் பிடிக்கும், ஆனால் நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல் மூக்கில் ஏறினால் திருப்பிக் கொடுங்கள். மாட்டுத்தொழுவம், பிளாஸ்திரி வாசம் எல்லாம் பிரெட் ஈஸ்ட்டின் வேலை, காற்றாட விட்டாலும் போகாது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் கார்க்கின் கோளாறு, எந்த ஒயினுக்கும் வரும், அதற்கும் மாற்றுப் பாட்டில் கேட்கலாம்.

கேள்வி: ஆரஞ்சு நிற ஒயின் என்று ஜார்ஜியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வருகிறதே, இரண்டும் ஒன்றா?

பதில்: அடிப்படை ஒன்று. வெள்ளைத் திராட்சையைச் சிவப்பு ஒயின்போலத் தோலோடு ஊற வைப்பது. அதனால்தான் நாவில் பாக்கு மென்ற துவர்ப்பு. ஜார்ஜியாவின் ககேத்தியில் ர்காத்ஸிதேலி திராட்சையைத் தோல், விதை, காம்பு சகிதம் மண்ணில் புதைத்த 'க்வெவ்ரி' தாழியில் ஐந்தாறு மாதம் விடுவார்கள். இந்த முறையை யுனெஸ்கோ 2013-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியின் ஒஸ்லாவியாவில் ரிபோல்லா திராட்சை. அங்கே யோஸ்கோ கிராவ்னர் என்ற தயாரிப்பாளர் ஜார்ஜியத் தாழிகளையே கொண்டுவந்து புதைத்தார், ராடிகோன் குடும்பம் மரத்தொட்டியில் செய்கிறது. ஒப்பிடும்போது இரண்டையும் 14 டிகிரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே ஊற்றினால் துவர்ப்பு மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். மெல்லிய வெள்ளை ஒயின்களைச் சுவைத்து முடித்த பிறகு இதற்கு வாருங்கள்.

கேள்வி: நுரைக்கும் 'பெத்-நா' பாட்டிலைத் திறந்ததும் பாதி மேசையில் கொட்டிவிட்டது.

பதில்: நொதித்தல் முடியும் முன்பே பாட்டிலில் அடைத்து மூடுவதால் ஈஸ்ட் வண்டல் உள்ளேயே தங்கும். பாட்டில் ஆடினால் வண்டல் கலங்கி, அதன் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் வாயு குமிழியிட்டுக் கிளம்பும். முந்தின இரவே ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் ஆடும். கழுவுதொட்டிக்கு மேலே பிடித்து மூடியை மெல்ல நெம்பி, சீறல் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு முழுதாகத் திறங்கள். அடிக்கலங்கலைக் கடைசிக் குவளைக்கு விட்டால் தெளிந்ததையும் கலங்கியதையும் ஒரே பாட்டிலில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.