வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை, அறை நண்பர் பூட்டை மாற்றிவிட்டார். எனக்கு உரிமை உண்டா?

நீங்கள் எழுதியதன் சுருக்கம்: யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட நான்கு பேர் ஒரு வீட்டில் இருக்கிறீர்கள். ஒப்பந்தம் ஒருவர் பெயரில். தனி அறைக்கான வாடகையை அவரிடம்தான் கொடுத்தீர்கள், முற்பணமும் அவரிடம். மனக்கசப்பு வந்ததும் உங்கள் அறைக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டார்.

தம்பி, சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக இருப்பவன் என்ற அளவில் சொல்கிறேன். பெயர் இல்லை என்பதற்காக அவரே தீர்ப்பு எழுதிப் பூட்டுப் போட முடியாது. ஒருவரை வெளியேற்ற நீதிமன்றக் கட்டளை வேண்டும். பொலிஸாருக்கும் அந்த அதிகாரம் இல்லை.

உங்களுக்கு உதவக்கூடியது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. காணி, வீடு பற்றிய தகராறு அடிதடியாகும் நிலைக்கு வந்தால் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அசையாவிட்டால் நீங்களே சத்தியக்கடதாசியோடு (சத்தியம் செய்து கையெழுத்திட்ட எழுத்து வாக்குமூலம்) மனுச் செய்யலாம். அங்கே ஒப்பந்தம் யார் பெயரில் என்பதைவிட, அறை யார் கையில் இருந்தது என்பதுதான் பெரிய கேள்வி. பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் மனு பதிவானால் உங்களை மீண்டும் அறையில் அமர்த்த உத்தரவிடலாம். அந்த இரண்டு மாதத்தைச் சமாதானப் பேச்சிலேயே கரைத்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

அறை உங்கள் கையில் இருந்ததை எப்படிக் காட்டுவது? வங்கி மூலம் அனுப்பிய வாடகை, "இந்த மாதக் காசு வந்தது" என்ற அவருடைய வாட்ஸ்அப் பதில், கிராம சேவையாளரின் கடிதம். வங்கிச் சீட்டில் குறிப்பு எழுதும் இடத்தை வெறுமையாக விட்டவர்களிடம் எதிர்த்தரப்பு, "அது கைமாற்றாக வாங்கிய காசு" என்று கூசாமல் சொல்லும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் எடுத்து வையுங்கள்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பக்கம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, வீட்டின் ஒரு பகுதியைத் தனியாகப் பாவித்து அதற்கு வாடகை கொடுப்பவர்தான் உபவாடகையாளர். ஒரே அறையில் ஒரு கட்டில் மட்டும் வைத்திருப்பவருக்கு அது பொருந்துவது கடினம். உரிமையாளரின் முன்கூட்டிய எழுத்துச் சம்மதம் இல்லாமல் நண்பர் உபவாடகைக்கு விட்டிருந்தால், உரிமையாளர் அவரோடு சேர்த்து உங்களையும் வெளியேற்ற வழக்குப் போடலாம். எல்லா வீடுகளும் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை, எனவே ஆவணங்களைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், அவருடைய அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) வைத்திருக்கும் உறவினரிடம் கோபத்தில் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள்; அந்த வழக்குக்கு நீங்களே வழி திறந்ததாகிவிடும்.

நண்பர் ஆட்டிக் காட்டும் அந்த ஒப்பந்தப் பேப்பரையும் ஒருமுறை பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் சட்டம். முத்திரை ஒட்டி இரண்டு பேர் கையெழுத்து வைத்த "ஒரு வருட ஒப்பந்தம்" அவரையும் மாத வாடகைக்காரராகத்தான் வைத்திருக்கும்.

முற்பணம் வேறு கணக்கு. சிறிய தொகைக்கு நேராக வழக்குப் போட முடியாது, முதலில் இரு தரப்பையும் பேசி இணங்க வைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது. வங்கிச் சீட்டுகளைத் திகதி வரிசையில் அடுக்கிக்கொண்டு நீங்களே போங்கள்.