கத்தியை ஒளித்துவைப்பது யாருடைய பொறுப்பு?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவன், சென்ற வருடம் முதல் யாரோ காதுக்குள் ஏசுவதாகச் சொல்கிறான். தெல்லிப்பழை வைத்தியசாலை கிளினிக்கில் காட்டினோம். நித்திரை கூடுகிறது, நாக்குத் தடிக்கிறது என்று 3 மாதமாகக் குளிசை எடுப்பதில்லை. எனக்கு இரண்டு தரம் கைநீட்டிவிட்டான். தெரிந்தவர்கள் காண்பார்கள் என்று கணவர் கிளினிக்குக்கு வருவதில்லை. இரவில் கத்தி, அரிவாள் எல்லாவற்றையும் 13 வயதுக்காரியான சின்னவள்தான் தன் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்துவிட்டுப் படுப்பாள். அவளால் எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. மகனைக் கனடாவில் உள்ள என் தம்பியிடம் அனுப்பினால் மாறுவானா? – வலிகாமம் வாசகி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: மாறமாட்டான். குளிசை எடுக்காத பிள்ளையை அங்கே அனுப்பினால், உங்கள் தம்பியும் மனைவியும் வேலைக்குப் போன பின் பேஸ்மென்ட் அறையில் அந்தக் குரல்களோடு தனியே கிடப்பான். அந்தக் கேள்வி அவ்வளவுதான்.

மகனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நீங்கள் மகளுக்கு ஒதுக்கியது ஒரேயொரு வசனம். அதையும் அவளுக்குக் கொடுத்த நற்சான்றிதழ் போல எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, தாயும் தகப்பனும் இருக்கிற வீட்டில், ஆயுதங்களுக்குக் காவல் இருந்துகொண்டு நித்திரை கொள்கிறாள். அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தது யார்? ஒருவரும் கொடுக்கவில்லை, தானாகவே செய்யத் தொடங்கினாள் என்றால், பெரியவர்கள் செய்யமாட்டார்கள் என்று அவள் விளங்கிக்கொண்டாள் என்பதே அதன் பொருள். இன்னொன்றையும் யோசியுங்கள்: மகனுக்கு ஒரு நாள் இரவு கத்தி வேண்டுமென்று தோன்றினால், அதைத் தேடி அவன் எந்த அறைக்குள் போவான்?

மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. தமக்குத் தாமே தீங்கு செய்யும் ஆபத்துத்தான் அவர்களுக்கு அதிகம். ஆனால் உங்கள் மகன் மருந்தை விட்டவன், ஏற்கெனவே கைநீட்டியவன். ஆகையால் இன்றைக்கே கத்திகளையும் அரிவாளையும், வீட்டில் தோட்டத்துக்கு அடிக்கும் கிருமிநாசினி இருந்தால் அதையும், மிச்சக் குளிசைகளையும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை உங்கள் கணவர் தன் மடியில் வைத்திருக்கட்டும். அவன் கட்டுமீறும் நேரத்தில் மகளை அயல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். இரவு எந்நேரமும் ஆலோசனை கேட்க 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

உங்கள் கணவரின் கூச்சத்தைப் பற்றி எனக்குப் பொறுமை குறைவு. அந்தக் கிளினிக் வாங்கில் அவரைக் காணப்போகிறவர்களும் தங்கள் பிள்ளையையோ சகோதரத்தையோ கூட்டிவந்தவர்கள்தாம். மகன் பல்கலைக்கழகம் போயிருந்தால் பட்டமளிப்பு விழாவில் முன்வரிசையில் இருந்திருப்பார் அல்லவா? தகப்பன் என்ற உறவு பிள்ளையின் பெறுபேற்றோடு வருவதல்ல. அண்ணன் தங்கையைப் பார்ப்பதும் தங்கை அண்ணனைப் பார்ப்பதும் கடமை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான், இன்றும் அதில் மாற்றமில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகு அவள்தான் அவனுக்கு ஆதரவாக இருக்க வேண்டிவரலாம். அதற்காகவேனும் இப்போது அவளுக்குப் பயமில்லாத சில வருடங்களைக் கொடுங்கள். பயந்து வளர்ந்த தங்கைக்கு அண்ணன் மேல் பாசம் மிஞ்சாது.

அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல், இந்தக் கிழமையே இருவருமாகப் போங்கள். மகன் வர மறுத்தாலும் நீங்கள் போய் வைத்தியரிடம் நடந்ததைச் சொல்லலாம். நாக்குத் தடிப்பதும் நித்திரையும் அந்த மருந்துகளின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அளவைக் குறைக்கவோ, மருந்தை மாற்றவோ, தசை இறுக்கத்துக்கு வேறு குளிசை சேர்க்கவோ முடியும். தினமும் குளிசை எடுக்காதவர்களுக்குச் சில கிழமைகளுக்கு ஒரு தடவை போடும் ஊசியும் உண்டு. ஆனால் அவன் ஏன் நிறுத்தினான் என்பதை வைத்தியரிடம் ஒருவரும் சொல்லவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிறது. குணம் கண்டாலும் பொதுவாக ஒரு வருடத்துக்கு மேலாக மருந்தைத் தொடரச் சொல்வார்கள். எப்போது குறைப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். தேநீருக்குள் கரைத்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே எல்லோரும் தனக்கு எதிராக நடக்கிறார்கள் என்று நினைக்கக்கூடிய பிள்ளை அதைக் கண்டுபிடித்தால், உங்கள் கையால் சோறும் சாப்பிடமாட்டான்.

மகளையும் ஒரு நாள் அங்கே கூட்டிச் சென்று, உளவளத்துணையாளர் ஒருவரோடு தனியே பேச விடுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று வீட்டுக்கு வந்து கேட்காதீர்கள்.