டீசல் டேங்கில் பெட்ரோல், ஆயில் மூடியில் கூலன்ட்: பம்ப் மெக்கானிக்கிடம் கேள்வி பதில்

டீசல் பம்ப், இன்ஜெக்டர் (டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் பாகம்) வேலை என் தொழில். வண்டியில் ஊற்றக் கூடாததை ஊற்றிவிட்டவர்கள் கேட்கலாம். பேட்டரி கார், பெயின்ட், ஏசி கேஸ் பற்றியெல்லாம் அந்தந்த வேலைக்காரரிடம் கேளுங்கள்.

கோவை: சார், என் டீசல் காரில் பங்க் பையன் 20 லிட்டர் பெட்ரோல் போட்டுவிட்டான். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. என்ன செய்ய?

ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் பாதி பிழைத்தீர்கள். சாவியை 'ஆன்' வரைக்கும்கூடத் திருப்பாதீர்கள். நிறைய கார்களில் சாவி ஆன் ஆனதுமே டேங்குக்குள் இருக்கும் சிறிய பம்ப் ஓடி, உள்ளே இருப்பதை ஃபில்டர் தாண்டி முன்னால் தள்ளிவிடும். நியூட்ரலில் போட்டு ஓரமாகத் தள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

டீசலுக்கு எண்ணெய்ப் பசை உண்டு. ஹை பிரஷர் பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, அதன் வழியாக ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. பெட்ரோல் அந்தப் பசையைக் கழுவி எடுத்துவிடும். இரும்போடு இரும்பு உரசி, கண்ணுக்குத் தெரியாத தூள் கிளம்பும். அந்தத் தூள் ரெயிலுக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைப் பிரித்துத் தரும் பொதுக் குழாய்) போய், இன்ஜெக்டருக்குப் போய், ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். அப்புறம் பம்ப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், பில் லட்சத்தைத் தாண்டும். ஸ்டார்ட் செய்யாத வண்டிக்கு டேங்கைக் காலி செய்து, ஃபில்டர் மாற்றி, புது டீசல் போட்டால் முடிந்தது.

டியூபை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்காதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். கைப்பம்ப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேஸ்மென்ட் பார்க்கிங்கிலும் இந்த வேலை வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து நிற்கும்.

ஈரோடு: கண்ணாடி கழுவும் சோப்புத் தண்ணீரைக் கூலன்ட் டப்பாவில் ஊற்றிவிட்டேன்.

ஓட்டவில்லை என்றால் டப்பாவில் இருப்பதை எடுத்துவிடுங்கள். ஓட்டியிருந்தால் சோப்பு நுரைக்கும், நுரை சூட்டைக் கடத்தாது. இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டரை முழுக்கக் காலி செய்து, நல்ல தண்ணீரில் அலசி, புது கூலன்ட். பயப்பட ஒன்றுமில்லை.

திருநெல்வேலி: எனக்குத் தலைகீழ். பெட்ரோல் கார், டீசல் போட்டுவிட்டார்கள். அரை கிலோமீட்டரில் புகை கக்கி நின்றுவிட்டது.

உங்களுக்கு அதிர்ஷ்டம். டீசல் எளிதில் ஆவியாகாது, பிளக்கின் பொறிக்குப் பற்றாது, அதனால் வண்டி தானாக நின்றுவிடுகிறது. பம்ப்புக்கும் கெடுதல் இல்லை. டேங்கைக் காலி செய்து, லைனைக் கழுவி, பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடச் சொல்லுங்கள். செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்திருந்தால் இன்ஜின் ஆயிலையும் மாற்றுங்கள், எரியாத டீசல் கீழே இறங்கியிருக்கும். மேலும் மேலும் ஸ்டார்ட் செய்து பார்த்தால் சைலன்சரில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) போய்விடும்.

இது அபூர்வமாகத்தான் நடக்கும். பங்க்கில் டீசல் நாசில் தடிமன், பெட்ரோல் காரின் வாயில் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் நாசில் ஒல்லி, டீசல் காரின் வாயில் வழுக்கிக்கொண்டு போகும். என் கடைக்கு வருவதெல்லாம் அதனால்தான்.

ஓசூர்: 45 லிட்டர் டீசல் டேங்கில் 5 லிட்டர்தான் பெட்ரோல். மேலே ஃபுல்லாக டீசல் அடித்து ஓட்டலாமா?

கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

சங்ககிரி: தம்பி, நான் லாரிக்காரன். சும்மா பயமுறுத்தாதீங்க. அந்தக் காலத்தில் டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றியிருக்கிறோம், பெட்ரோலும் கலந்திருக்கிறோம். ஒரு வண்டியும் படுக்கவில்லை.

அண்ணே, நீங்கள் சொல்வது உங்கள் வண்டிக்கு உண்மை. உங்கள் பேச்சுக்கு இன்னொரு சாட்சியும் தருகிறேன்: பழைய ஜெர்மன் டீசல் கார்களின் கையேட்டிலேயே, கடும் குளிரில் டீசல் உறையாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் கலக்கலாம் என்று இருந்தது.

ஆனால் அது எந்தப் பம்ப்? உங்கள் லாரியில் இருந்தது மைக்கோ கம்பெனியின் பழைய இன்லைன் பம்ப். அதன் கேம் ஷாஃப்ட் இன்ஜின் ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கும். இன்ஜெக்டர் நாசில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் திறக்கும். இன்றைக்குக் காமன் ரெயிலில் 1600, 2000 பார். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான். அந்த அழுத்தத்தைத் தாங்குவது டீசல் படலம் மட்டும்தான்.

டீசலும் பழைய டீசல் இல்லை. பிஎஸ்-3 (அரசின் புகை விதி) காலத்தில் கந்தகம் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை இருக்கலாம், பிஎஸ்-4இல் 50, இப்போது பிஎஸ்-6இல் 10. கந்தகத்தை எடுக்கும்போது இயற்கையான பசையும் சேர்ந்து போய்விடுகிறது. அதற்கு ஈடாக ரிஃபைனரியில் மசகு மருந்து சேர்த்து அனுப்புகிறார்கள். நீங்கள் ஊற்றும் பெட்ரோல் அதையும் நீர்க்கச் செய்துவிடும்.

சங்ககிரி: அப்படியானால் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) ஒரு லிட்டர் சேர்த்து ஊற்றினால் பசை வந்துவிடுமே?

பசை கொஞ்சம் வரும். பெட்ரோல் போய்விடுமா? டீசல் தானாகப் பற்ற வேண்டிய இன்ஜினில் பெட்ரோல் பற்றத் தாமதிக்கும், அதற்கு 2டி ஆயில் என்ன செய்யும்? சைலன்சரில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருந்தால் அந்த ஆயிலின் சாம்பல் அங்கே போய் அடையும்.

கரூர்: லாரிக்கார அண்ணன் சொல்வதுதான் சரி. என் மாமா பழைய ஜீப்பில் இன்னும் மண்ணெண்ணெய்தான்.

மாமாவின் ஜீப்பில் இருப்பதும் பழைய பம்ப்தான். அதோடு, ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போடுவதே அதைக் கலப்பவரைப் பிடிக்கத்தான். அது குற்றம்.

சங்ககிரி: சரி தம்பி, புது வண்டி நோஞ்சான் வண்டி என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. புகையும் இரைச்சலும் குறைந்து மைலேஜ் கூடியதற்கு அதுதான் விலை.

வேலூர்: அம்மா டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டார்...

முதல் பதில்.

தஞ்சாவூர்: கூலன்டை இன்ஜின் ஆயில் மூடியில் ஊற்றிவிட்டேன், அரை லிட்டர் இருக்கும். ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

ஸ்டார்ட் செய்து 'பார்க்க' ஒன்றுமே இல்லை! கூலன்ட் ஆயிலைவிடக் கனம். இப்போது அது சம்ப்பின் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தட்டு) அடியில் தனியாகக் கிடக்கும், ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயும் அங்கேதான். ஸ்டார்ட் செய்தால் பேரிங்குக்கு முதலில் போவது கூலன்ட்.

இப்படியே நிறுத்தி வைத்து அடி போல்ட்டைத் திறந்தால் முதலில் கூலன்ட் கொட்டும், பின்னால் ஆயில். முழுக்க வடிந்ததும் போல்ட்டைத் திறந்தபடியே மலிவான ஆயில் ஒரு லிட்டரை மேலே ஊற்றி அலசுங்கள். அப்புறம் புது ஃபில்டர், புது ஆயில், கொஞ்ச நாளிலேயே இன்னொரு ஆயில் சர்வீஸ்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்களுக்கு: டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் காபி போல வந்தால் இரண்டும் கலந்துவிட்டது. ஒருமுறை மாற்றினால் போதாது, அந்த நிறம் போகும்வரை மாற்ற வேண்டும். எதுவுமே ஊற்றாமல் அந்த நிறம் வந்தால் அது வேறு கதை, ஹெட் கேஸ்கட்டை (இன்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) பாருங்கள்.

வடித்த கூலன்டைத் தெருவில் கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் மாடும் நக்கினால் செத்துப்போகும்.

நாகர்கோவில்: இன்ஜினில் தவறுதலாக 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றிவிட்டார்கள். 90 என்றால் தார் மாதிரி கெட்டியாக இருக்காதா?

நல்ல கேள்வி. கியர் ஆயிலுக்கு வேறு அளவுகோல். அந்த 90, இன்ஜின் ஆயில் கணக்கில் ஏறத்தாழ 40, 50தான். கெட்டி பிரச்சினை இல்லை, மருந்துதான் பிரச்சினை. கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட மருந்து இருக்கும், சூடான இன்ஜினில் செம்பு கலந்த பேரிங்கை அரிக்கும். கரியைக் கழுவும் மருந்து அதில் இருக்காது. வடித்துவிட்டு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். சிறிது தூரம் ஓடியிருந்தாலும் தூக்கம் கெட வேண்டாம்.

கடலூர்: 0டபிள்யூ-20 கேட்கும் காரில் 20டபிள்யூ-40 ஊற்றிவிட்டார்கள்.

அது கெட்டி ஆயில், மைலேஜ் குறையும். அடுத்த சர்வீஸ் வரை இழுக்காமல் மாற்றிவிடுங்கள்.

நாமக்கல்: ஆட்ப்ளூவை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டான் கிளீனர்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு இது பெருகிவிட்டது. ஆட்ப்ளூ என்பது புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்: 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தத் தண்ணீர். டீசலில் கரையாது, கனம் என்பதால் டேங்கின் அடிக்குப் போகும். காய்ந்த இடத்தில் உப்புப் பூத்து அடைக்கும், இரும்பை அரிக்கும். கொஞ்சம்தானே என்று விடாதீர்கள். டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஆட்ப்ளூ மூடி நீல நிறம், கிளீனர் தம்பிக்குக் காட்டி வையுங்கள்.

சென்னை: பங்க்காரர் தவறுக்கு இன்சூரன்ஸ் தருமா?

உங்கள் பாலிசியைப் பார்க்காமல் சொல்ல முடியாது, ஏஜென்டைக் கேளுங்கள். பில்லை வைத்திருங்கள், பங்க்கில் புகார்ப் புத்தகம் கேட்டு எழுதுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

விருதுநகர்: வேண்டாதவன் பெட்ரோல் டேங்கில் சர்க்கரை போட்டுவிட்டான், இன்ஜின் போச்சா?

சர்க்கரை பெட்ரோலில் கரையாது. அடியில் கிடக்கும், ஃபில்டரை அடைக்கும். டேங்கைக் கழுவினால் போதும்.

பொள்ளாச்சி: டீசல் கார், பெட்ரோல் 2 லிட்டர், சாவி போட்டேன் ஆனால் ஓட்டவில்லை...

சாவி போட்டது தெரிந்ததே போதும். டேங்கோடு ஃபில்டரையும் லைனையும் காலி செய்யச் சொல்லுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

திண்டுக்கல்: அண்ணா, பிரேக் ஆயில் டப்பாவில் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றி இரண்டு நாள் ஓட்டிவிட்டேன். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. நாளைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போகலாமா?

போகக் கூடாது. இன்றைக்கு வந்ததிலேயே என்னைப் பயமுறுத்திய கேள்வி இதுதான். காரின் பிரேக் ரப்பர்கள் கிளைக்கால் வகை திரவத்துக்கென்று செய்தவை. மூடியிலேயே டாட் 3, டாட் 4 என்று எழுதியிருக்கும். ஸ்டீயரிங் ஆயில் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பும். மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் திரவத்தைத் தள்ளும் பாகம்) உப்பினால் மிதித்த பிரேக் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும், அல்லது பெடல் தரை வரை போகும். இரண்டு நாள் நன்றாகப் பிடித்தது மூன்றாம் நாளுக்கு உத்தரவாதம் இல்லை. டப்பாவை மட்டும் துடைத்துப் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் எல்லாம் புதிது போட்டு, இரும்புக் குழாயைக் கழுவ வேண்டும். மெக்கானிக் கடைக்கும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கொடைக்கானலுக்குப் பஸ் இருக்கிறது.