குளத்துப் பாசி காரீயத்தை உறிஞ்சும். உறிஞ்சியதை மாட்டுக்குப் போடலாமா?

கேள்வி: பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், வேலந்தாவளத்துக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பு. ஆறு கறவை மாடுகள் இருக்கின்றன. தோப்புக்குள் உள்ள குளத்தில்தான் அவை தண்ணீர் குடிக்கின்றன. மாசி பிறந்தால் குளம் முழுக்கப் பாசி பிடித்துவிடும். சென்ற வாரம் சுத்திகரிப்புக் கருவி விற்க வந்தவர் எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். கரும்பச்சைச் சேறு திரண்டது. எல்லாம் காரீயம், காட்மியம் போன்ற கனஉலோகம் என்றார். இருபது வருடங்களுக்கு முன்பு, ஏதோ ஆலையின் கழிவுச் சேறு லாரியில் இலவசமாக வந்ததை எரு என்று நம்பி அப்பா தென்னைக்குப் போட்டதும் உண்டு. பாசி கனஉலோகத்தை உறிஞ்சிவிடும் என்று படித்தேன். அப்படியானால் பாசியை வளரவிட்டே குளத்தைச் சுத்தம் செய்யலாமா? வாரி எடுக்கும் பாசியை மாட்டுக்கும் தென்னைக்கும் போடலாமா?

பதில்: அந்தக் கம்பி வித்தையை முதலில் ஒதுக்கிவிடுவோம். எனக்கு வரும் கடிதங்களில் பத்தில் மூன்று அதைப் பற்றித்தான். அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று பெரும்பாலும் அலுமினியம். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரையும். கரைந்த இரும்பு முதலில் பச்சையாகவும், காற்றுப் பட்டதும் பழுப்பாகவும் திரளும். நீங்கள் பார்த்த சேறு அவருடைய கம்பியிலிருந்து வந்தது. பக்கத்து டம்ளரில் அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்திருக்கும். அதில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாயவில்லை, அவ்வளவுதான். மறுபடி வந்தால் அந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு, அவர் கையாலேயே ஓட்டச் சொல்லுங்கள். அதே சேறு வரும்.

அவர் ஏமாற்றினார் என்பதற்காக உங்கள் தண்ணீர் நல்லது என்றும் ஆகிவிடாது. குடிநீருக்கான இந்தியத் தர வரையறை (ஐ.எஸ். 10500) காரீயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. இந்த அளவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. கையடக்க டி.டி.எஸ். மீட்டரில் தெரியவும் தெரியாது. அது நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உப்பை மொத்தமாக எடை போடும் தராசு. மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை நிறுக்க முடியுமா?

(இங்கே ஒரு சொல் குழப்பம். காரீயம் வேறு, ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் வெள்ளீயம் வேறு. சில அறிக்கைகளில் இரண்டையும் வெறுமனே 'ஈயம்' என்று போட்டுவிடுகிறார்கள். ஆய்வகத்தில் கேட்கும்போது காரீயம் என்றே கேளுங்கள்.)

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, லாரியில் வந்த சேறு. உங்கள் பக்கத்தில் பிளாச்சிமடாவில் நடந்தது ஊரறிந்த கதை. அங்கிருந்த குளிர்பான ஆலையின் கழிவுச் சேறு உழவர்களுக்கு எருவாகக் கொடுக்கப்பட்டது. 2003-இல் அதைச் சோதித்தபோது காட்மியமும் காரீயமும் இருப்பது வெளிவந்தது. 2004-இல் ஆலை நின்றது. 2010-இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு, இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. உங்கள் அப்பா போட்ட சேறும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஆலைச் சேறு இருபது வருடத்தில் மட்கிப்போயிருக்கும் என்று எண்ண வேண்டாம். சாணி மட்கும், இலை மட்கும். காரீயம் தனிமம், மட்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. உங்கள் பகுதிக் கரிசல் மண்ணின் களியும் சுண்ணாம்பும் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். மழையில் அந்த மண் கரைந்து எங்கே போய்ச் சேரும்? தோப்பின் பள்ளத்தில் இருக்கும் குளத்துக்குத்தான்.

இனி பாசிக்கு வருவோம். நீங்கள் படித்தது உண்மை. பாசியின் செல்சுவரில் கார்பாக்சில், பாஸ்பேட் போன்ற வேதித் தொகுதிகள் நிறைந்திருக்கின்றன. சாதாரணக் குளத்துத் தண்ணீரில் இவை எதிர்மின்னேற்றம் கொண்டவை. காரீயமும் காட்மியமும் நேர்மின்னேற்ற அயனிகள். சுவரில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தள்ளிவிட்டு இவை அந்த இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. சில நிமிடங்களில் முடிகிற வேலை. இதற்குப் பாசி உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்த பாசிப் பொடியும் இதைச் செய்யும்.

அடுத்தது மெதுவாக நடப்பது. காட்மியம், துத்தநாகமும் மாங்கனீசும் நுழையும் வாசல் வழியாகச் செல்லுக்குள் புகுகிறது. ஆர்செனிக், பாஸ்பேட்டைப் போல வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே போகிறது. பாசியும் சும்மா இருப்பதில்லை. கந்தகம் கொண்ட சிறு புரதச் சரங்களை, ஃபைட்டோகெலாட்டின் என்று பெயர், உண்டாக்கி, வந்த உலோகத்தைக் கட்டி ஓர் ஓரமாகப் பூட்டி வைக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள அது செய்கிற இந்த வேலையால், தண்ணீரில் இருப்பதைவிடச் சில நூறு மடங்கு முதல் பல ஆயிரம் மடங்கு வரை உலோகம் பாசியில் சேர்ந்துவிடுகிறது.

இந்த மடங்குதான் உங்கள் கேள்விக்கு விடை. கணக்குப் போட்டே பார்ப்போம். குளம் 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வையுங்கள். தண்ணீர் நாலரை லட்சம் லிட்டர். அதில் காரீயம் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம், அதாவது எல்லையைப் போல இரண்டு மடங்கு, இருப்பதாகக் கொள்வோம். குளம் முழுவதிலும் சேர்ந்து 9 கிராம். பாதியைக் குறைக்க நாலரை கிராம் வெளியேற வேண்டும். பாசி ஐயாயிரம் மடங்கு சேர்க்கிறது என்றால், காய்ந்த பாசி ஒரு கிலோவில் 100 மில்லிகிராம் காரீயம். ஆக 45 கிலோ காய்ந்த பாசி, பச்சையாக ஏறத்தாழ 450 கிலோ, வாரினால் போதும். செய்யக்கூடிய வேலைதான், அடியில் கிடக்கும் வண்டல் மறுபடி மறுபடி உலோகத்தை விடாமல் இருந்தால்.

இப்போது மாட்டுப் பக்கம் வாருங்கள். ஒரு மாடு நாளைக்கு 60 லிட்டர் அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தால் உள்ளே போகும் காரீயம் 1.2 மில்லிகிராம். அதே மாட்டுக்குப் பத்துக் கிலோ பச்சைப் பாசியைத் தவிட்டோடு கலந்து வைத்தால் 100 மில்லிகிராம். எண்பது மடங்குக்கும் மேல்! தண்ணீரைச் சுத்தம் செய்கிறேன் என்று அதிலிருந்த நஞ்சையெல்லாம் ஒரே கூடையில் அள்ளித் தீவனத் தொட்டியில் கொட்டியதாகிவிடும். காரீயம் எலும்பிலும் காட்மியம் சிறுநீரகத்திலும் தங்கும். ஒரு பங்கு பாலிலும் இறங்கும்.

ஆகவே, சோதிக்காத பாசியை மாட்டுக்குப் போடாதீர்கள். தென்னம் பாத்தியிலும் போடாதீர்கள். அப்பா காலத்துச் சேற்றுக் கதைதான் அது மறுபடியும். அசோலா வளர்க்கிறவர்களுக்கும் இதே பேச்சு. அது பாசி இல்லை, மிதக்கும் பெரணி. உலோகத்தை வாங்குவதில் பாசிக்குச் சளைத்ததல்ல. சோதித்த தண்ணீர் விட்ட தொட்டியில் வளர்த்தால் அருமையான தீவனம். குளத்தில் மிதக்கவிட்டு வாராதீர்கள்.

வாராமல் சும்மா வளரவிட்டால் என்ன என்றும் கேட்கலாம். பகலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. நல்ல வெயிலில் பிஎச் 9-ஐத் தாண்டும். அப்போது உலோகங்கள் கார்பனேட்டாகப் படியும். மாலை மூன்று மணிக்கு எடுத்த தண்ணீர் ஆய்வில் நல்ல தண்ணீராகத் தோன்றும். இரவில் பாசியும் சுவாசிக்கும், பிஎச் இறங்கும், படிந்ததில் ஒரு பகுதி திரும்பக் கரையும். வைகாசி வெயிலில் பாசி செத்து அடியில் அழுகினால், பிடித்து வைத்தது மொத்தமும் வண்டலுக்குப் போய்விடும். அங்கே பிராணவாயு தீர்ந்ததும் இரும்புத் துரு கரைந்து, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் வெளியே வரும். வாராத பாசி அடகு வைத்த நகை போல. மீட்காமல் விட்டால் போனது போனதுதான், வட்டியோடு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், காரீயத்துக்கு முன்னால் இன்னொன்றுக்குத்தான் பயப்படுவேன். எந்தப் பாசி என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலையில் ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். நூல் நூலாக, ஈரக் கூந்தல் போலத் தொங்கினால் அது இழைப்பாசி, பெரும்பாலும் தொல்லையில்லாதது. பச்சைப் பெயின்ட்டில் தோய்த்தது போலக் குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உறுதி செய்ய, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால் பங்கு எடுத்து அசையாமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பச்சை மேலே ஏடு கட்டி நின்றால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகப்படலாம். அதன் செல்லுக்குள் இருக்கும் காற்றுப்பைகள் அதை மிதக்கவிடும். அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பச்சைப்பாசி. மேலே நின்றால் அன்றைக்கே மாடுகளைக் குளத்திலிருந்து தள்ளிக் கட்டிவிடுங்கள். அந்த வகையில் சில, மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சை உண்டாக்கும். காரீயம் வருடக்கணக்கில் செய்யும் கேட்டை அது ஒரு நாளில் செய்துவிடும்.

பயத்தில் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அள்ளிக் கொட்டிவிடவும் வேண்டாம். தென்னைக்குப் போர்டோ கலவை செய்ய வாங்கி வைத்தது தாழ்வாரத்தில் இருக்கும். கை அங்கேதான் போகும். மயில்துத்தம் பாசியைக் கொல்லும்போது செல் உடைந்து உள்ளிருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலக்கும். போதாததற்கு, அதன் எடையில் கால் பங்கு செம்பு. ஒரு கிலோ போட்டால் கால் கிலோ உலோகத்தை நீங்களே குளத்தில் போட்டதாகும். உங்கள் பக்கத்துக் கடின நீரில் அது வேகமாகப் படிந்து வண்டலில் குடியேறிவிடும். செம்மறி ஆடுகளுக்குச் செம்பு சற்றுக் கூடினாலும் ஆகாது.

சோதனைக்கு மூன்று மாதிரிகள் வேண்டும்: தண்ணீர், பாசி, வண்டல். உலோக ஆய்வுக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள். நைட்ரிக் அமிலம் சில துளி விட்டுத் தருவார்கள். அமிலம் இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாட்டிலை அலசாதீர்கள், வழிய வழிய நிரப்பாதீர்கள். விடியற்காலையில், முழங்கை ஆழத்தில், பாசித் துணுக்கு விழாமல் எடுக்க வேண்டும். பாசியை அதே குளத்து நீரில் உதறிச் சேறு போக்கி, பிளாஸ்டிக் விரிப்பில் நிழலில் உலர்த்துங்கள். தகரத்தில் காயவைத்தால் அதன் துத்தநாகம் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு கிலோ பச்சைப் பாசி போதும். தண்ணீரில் 'இல்லை' என்று வருவது பாசியில் 'இருக்கிறது' என்று வரலாம். அத்தனை மாதமும் சேர்த்து வைத்தது அதுதானே.

அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால், எந்த அளவுக்குக் கீழே கண்டறிய முடியவில்லை என்று கேளுங்கள். கருவியின் எல்லையே 0.05 என்றால், 0.01-ஐப் பற்றி அந்த அறிக்கைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் கோவையிலேயே உண்டு. கோழிக்கோடு குன்னமங்கலத்தில் நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையமும் இருக்கிறது.

மூன்றும் நல்லபடியாக வந்தால் பாசியை மட்கவைத்துத் தென்னைக்குத் தாராளமாகப் போடலாம். வண்டலில் காரீயமோ காட்மியமோ ஏறியிருந்தால், கோடையில் குளத்தைத் தூர்வாரி வண்டலை வயலுக்கு அடிக்கும் நம் ஊர் வழக்கத்தை இந்தக் குளத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். வாரிய பாசியைத் தார்ப்பாய் விரித்த குழியில் உலர்த்தி மழை படாமல் மூடி வைத்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் அறிக்கையோடு எழுதிக் கொடுங்கள். எரித்துவிடாதீர்கள், சாம்பலில் இன்னும் செறிவாகச் சேரும். சேறு போட்ட இடத்தில் கோ-4 தீவனப்புல் வளர்க்கிறீர்கள் என்றால், அந்தப் புல்லிலும் ஒரு கட்டு அனுப்புங்கள். காட்மியம் இலைக்கு ஏறுகிற வழக்கமுடையது.

அறிக்கை வரும்வரை மாடுகளுக்குக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். அந்தக் கிணற்று நீரைச் சோதிக்கும்போது ஃபுளோரைடையும் சேர்த்துக் கேளுங்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்தில் அது அதிகம். ஃபுளோரைடு எதிர்மின்னேற்ற அயனி. பாசிச் சுவர் அதைச் சீண்டவும் சீண்டாது. கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் குறையும்.